சயனைடு மேடுகள் யார் பொறுப்பு?

2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதற்கு வழிவிட்டது தொழில் தகராறுச் சட்டத்தின் 25-ஓ பிரிவு. நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஓரிடத்தை மூட வேண்டுமானால் அரசிடம் முன்அனுமதி பெற வேண்டும் என்றது அந்தப் பிரிவு. அதற்கு முன்பே, 1992-இல், நலிவுற்ற நிறுவனம் என்ற பெயரோடு தங்கவயல், தொழில் மற்றும் நிதிச் சீரமைப்பு வாரியத்தின் முன் போய் நின்றிருந்தது. மூடிய பிறகு வழக்குகள் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கும் அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கும் போயின. வாரியம் நட்டக் கணக்கைப் பார்த்தது. தொழிலாளர் சட்டம் வேலை போனவர்களைப் பார்த்தது. நீதிமன்றங்கள் மூடியது சரியா, மிச்சச் சொத்து யாருக்கு என்பதைப் பார்த்தன. சாம்பியன் ரீஃபிலும் மாரிக்குப்பத்திலும் குவிந்து கிடக்கும் அரைத்த மண்ணை யார், எப்போது, யார் செலவில் சரிசெய்வது என்பது இவற்றில் எதற்கும் மையக் கேள்வி ஆகவில்லை. அதற்கென்று மூடும் திட்டமும் பிணைத்தொகையும் வைத்தே தீர வேண்டும் என்று அன்று எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை.

சுற்றுச்சூழலை அரசு காக்குமா, தனியார் காப்பாரா என்ற வாதம் நம் நாட்டில் ஓய்ந்ததே இல்லை. அரசு நடத்தினால் பொதுநலம் நிற்கும் என்பது ஒரு தரப்பு. கறாரான ஒப்பந்தமும் அபராதமும் இருந்தால் தனியாரே திறமையாகச் செய்வார்கள் என்பது மறுதரப்பு. தங்கவயலைப் போல இரண்டு தரப்பையும் முழுதாகச் சோதித்துப் பார்த்த ஊர் இந்தியாவில் வேறு இருக்குமா என்பது சந்தேகம். வெள்ளைக்காரக் கம்பெனி, சமஸ்தானத்தின் வழிவந்த மாநில அரசு, மத்திய அரசின் நேரடித் துறை, பொதுத்துறை நிறுவனம் என நான்கு கைகள் அதைத் தோண்டின. நால்வரும் மண்ணை ஒரே மாதிரிதான் கொட்டினார்கள். கைமாறும் ஒவ்வொரு வேளையிலும் எந்தக் கடமை எழுத்தில் ஏறியது, அதற்கான பணம் எங்கே ஒதுக்கி வைக்கப்பட்டது என்பதுதான் மண்ணின் கதியைத் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம். உரிமையாளர் அரசா தனியாரா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

முதல் கையிலிருந்து தொடங்குவோம். 1870-களில் மைக்கேல் ஃபிட்ஜெரால்ட் லவெல் என்பவர் மைசூர் அரசிடம் தங்கம் தேடும் உரிமை பெற்றார். 1880-இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்று அடுத்தடுத்துச் சுரங்கங்கள் எழுந்தன. வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பஞ்சத்துக்கும் சாதிக்கும் தப்பி வந்த தமிழர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். வந்தவர்கள் உடல் உழைப்பை மட்டும் கொண்டுவரவில்லை. அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் இங்கே வேரூன்றியது. அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் அவருக்குப் பின் 1926-இல் தங்கவயலிலிருந்துதான் மறுபடி வெளிவந்தது.

அன்றைய ஏற்பாட்டை வெறும் தனியார் சுரங்கம் என்று சொல்லிவிட முடியாது. தங்கத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு மைசூர் கஜானாவுக்கு உரிமைத்தொகையாகப் போனது. அந்த வருமானத்தை நம்பி சமஸ்தானம் கம்பெனிக்கு வேண்டியதையெல்லாம் கட்டிக்கொடுத்தது. காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 1902-இல் இங்கே மின்சாரம் வந்தது. ஏறக்குறைய 147 கிலோமீட்டர் நீளமான அந்தக் கம்பிவழி அந்நாளில் உலகின் மிக நீண்ட வழிகளுள் ஒன்று. பெங்களூர் நகரத்துக்கே மின்விளக்கு அதற்குப் பிறகுதான் வந்தது. தண்ணீருக்குப் பாலாற்றின் குறுக்கே பேத்தமங்கலம் ஏரி இருந்தது. பிரிட்டிஷ் ரெசிடென்ட் டொனால்ட் ராபர்ட்சன் பெயரில் ராபர்ட்சன்பேட்டை எழுந்தது. தங்கத் திருட்டைத் தடுக்கத் தனிக் காவல் ஏற்பாடு வந்தது. தங்கவயல் இன்றைக்கும் காவல்துறைக் கணக்கில் தனி மாவட்டம். அரசும் முதலாளியும் சேர்ந்து ஒரு காரியத்தை முழு மனத்தோடு செய்ய நினைத்தால் எவ்வளவு முடியும் என்பதற்கு இவை சான்று. எதைச் செய்ய நினைக்கவில்லை என்பதையும் அதே ஊரில் பார்க்கலாம். அதிகாரிகளின் பங்களாக்களும் தோட்டங்களும் இருந்த பகுதிக்கு ‘லிட்டில் இங்கிலாந்து’ என்று பேர். தொழிலாளர்களின் லைன் வீடுகள் ஆலைகளையும் மண்மேடுகளையும் ஒட்டி நின்றன.

மேடு எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தங்கவயலின் தங்கம் வெண்கல்லில் கண்ணுக்குத் தெரியாத துகளாகப் பரவியிருந்தது. கல்லை மாவாக அரைத்தால்தான் அது வெளிவரும். 1887-இல் ஸ்காட்லாந்தில் சயனைடு முறை கண்டுபிடிக்கப்பட்டது. அரைத்த மாவில் நீர்த்த சோடியம் சயனைடு கரைசலை ஊற்றினால் தங்கம் அதில் கரைந்துவிடும், பிறகு துத்தநாகத்தைக் கொண்டு பிரித்தெடுக்கலாம். அடுத்த பத்தாண்டுக்குள் அந்த முறை இங்கே வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல், தங்கம் எடுத்த குழம்பு அத்தனையும் மேடுகளுக்குப் போனது. இந்த வயல் தந்த தங்கம் மொத்தம் சுமார் 800 டன். விட்டுப்போன மண் 13 மேடுகளில் சுமார் 3 கோடியே 30 லட்சம் டன். ஊர்க்காரர்களுக்கு அது சயனைடு மலை. சினிமாக்காரர்களுக்கு அது பாலைவனக் காட்சி எடுக்கும் இடம்.

சயனைடு என்ற பேர் பயமுறுத்தினாலும், வெயிலும் காற்றும் பட்டால் அது நாளடைவில் சிதைந்துவிடும். மேடுகளின் நீண்டகால ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. மாவாக அரைபட்ட சிலிக்கா தூசி ஒன்று. கந்தகம் கலந்த தாதுக்கள் மழையில் நனைந்து அமிலமாகக் கசிவது மற்றொன்று. அந்தக் கசிவு கூடவே உலோகங்களையும் இழுத்துக்கொண்டு போகும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இங்கே ஆனி, ஆடியில் பறப்பது அந்த மேட்டின் பொடி. சோற்றிலும் துணியிலும் மூச்சிலும் அது வந்து படிகிறது.

சிலிக்கா என்ன செய்யும் என்பது தங்கவயலுக்குப் புதுச்செய்தி இல்லை. இந்தியாவில் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் முதன்முதலாகப் பதிவானது இங்கேதான், 1930-களில். 1940-இல் மைசூர் அரசு அதை இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாக்கி விதிகள் கொண்டுவந்தது. அந்தப் பத்தாண்டில் சுரங்க மருத்துவர்கள் 7,653 தொழிலாளர்களைச் சோதித்ததில் ஏறக்குறைய 44 விழுக்காட்டினருக்கு அந்த நோய் இருந்தது. அந்த மருத்துவமனை கம்பெனியுடையது, சோதித்த மருத்துவர்கள் கம்பெனியின் சம்பளக்காரர்கள், இழப்பீட்டு விதி அரசுடையது. நோய் சுரங்கத்துக்குள் வந்தால் அதற்குக் கணக்கு இருந்தது. அதே பொடி சுரங்கத்துக்கு வெளியே லைன் வீட்டில் தூங்கும் குழந்தையின் மூச்சில் நுழைந்தால் கேட்க ஒரு விதியும் இல்லை. தொழிலாளரைக் காக்கும் சட்டமும் ஊரைக் காக்கும் சட்டமும் அன்று முதலே பிரிந்து நின்றன. 2001-இல் நடந்ததன் வேர் இங்கே இருப்பதாக எனக்குப் படுகிறது.

1956 நவம்பரில் மைசூர் மாநில அரசு சுரங்கங்களைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. அப்போதே நல்ல தாதுவில் பெரும்பகுதி தீர்ந்துபோயிருந்தது. சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போய்விட்டது. பாறைவெடிப்புகள் உயிர்களைப் பலிகொண்டன. 1962-இல் சுரங்கங்கள் மத்திய நிதி அமைச்சகத்தின் கைக்குப் போயின. ஏன் நிதி அமைச்சகம் என்றால், அரசுக்குத் தேவை தங்கக் கையிருப்பு. 1972-இல் சுரங்கத் துறையின் கீழ் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் பிறந்தது. மூன்று மாற்றங்களிலும் சொத்துப் பட்டியல் கைமாறியது, ஆட்கள் கைமாறினார்கள், கடன்கள் கைமாறின. மேடுகளும் கூடவே போயின. அவற்றைச் சொத்து என்று எழுதுவதா கடன் என்று எழுதுவதா என்று எவரும் யோசித்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு உலகத்தில் பெரும்பாலான இடங்களில் யோசிக்கவில்லை என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லியாக வேண்டும்.

யோசிக்க வேண்டிய காலம் 1974-இல் தொடங்கியது. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது, மாநிலத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. 1981-இல் காற்றுக்கான சட்டமும், போபால் விஷவாயு விபத்துக்குப் பின் 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. கடைசிச் சட்டம் அரசுத் துறைகளையும் விட்டுவைக்கவில்லை. குற்றம் நடந்தால் துறைத் தலைவரே பொறுப்பு என்று அதன் 17-ஆம் பிரிவு எழுதியது. ஏட்டில் எல்லாம் இருந்தது. ஆனால் மாநில வாரியம் ஒன்று மத்திய அரசின் நிறுவனத்தைக் கூண்டில் ஏற்றுவது நம் நிர்வாகத்தில் லேசாக நடக்கிற காரியமா? அதைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று உண்டு. சுரங்கங்கள் நிலத்தைச் சீராக வைத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டிய அமைப்பு நாகபுரியிலிருக்கும் இந்திய சுரங்கப் பணியகம். அதுவும் சுரங்க அமைச்சகத்தின் கீழ், பாரத் தங்கச் சுரங்க நிறுவனமும் அதே அமைச்சகத்தின் கீழ். தேர்வு எழுதுபவரும் திருத்துபவரும் ஒரே குடும்பமாக இருந்தால் மதிப்பெண் எப்படி வரும் என்று சொல்லத் தேவையில்லை. அதில் வேலை பார்த்தவர்களின் நேர்மையை நான் குறைசொல்லவில்லை. அமைப்பே அப்படிக் கட்டப்பட்டிருந்தது.

இதற்கிடையே 1991-இன் பொருளாதார மாற்றம் வந்தது. 1993-இன் தேசிய கனிமக் கொள்கை தங்கம் உள்ளிட்ட 13 கனிமங்களைத் தனியாருக்குத் திறந்துவிட்டது. அதுவரை பொதுத்துறைக்கென்று ஒதுக்கியிருந்த இடத்திலிருந்து அரசு பின்வாங்கத் தொடங்கிய அதே ஆண்டுகளில்தான் தங்கவயல் நலிவுற்ற நிறுவனமாகக் கிடந்தது. பின்வாங்கும்போது எதையெல்லாம் செய்துமுடித்துவிட்டுப் போக வேண்டும் என்ற பட்டியல் இல்லை. 2003 ஏப்ரலில்தான், கனிமப் பாதுகாப்பு விதிகளில் திருத்தம் செய்து, ஒவ்வொரு சுரங்கத்துக்கும் மூடும் திட்டம் வேண்டும் என்றும், அது நிறைவேறும்வரை பிணைத்தொகை கட்ட வேண்டும் என்றும் மத்திய அரசு விதித்தது. பெரிய சுரங்கங்களுக்கு எக்டேருக்கு 25,000 ரூபாய். தொகை அற்பம்தான், ஆனாலும் ஒரு கதவு திறந்தது. தங்கவயல் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே மூடிவிட்டது. நூற்றிருபது ஆண்டு ஓடிய, நாட்டின் மிக ஆழமான சுரங்கம், நாட்டின் முதல் மூடல் விதிக்கு வெளியே நின்றுவிட்டது. நீரிறைப்பு நின்றதும் நிலத்தடிச் சுரங்கங்களில் தண்ணீர் ஏறியது. மேலே காவலுக்குக் கொஞ்சம் பேரும் ஊரிகத்தில் ஓர் அலுவலகமும் மிஞ்சின.

விட்டுப்போன கடமைகளெல்லாம் யாரிடம் போய் விழுந்தன? நகராட்சியிடம். கம்பெனி நிலத்தில் இருந்த லைன் வீடுகளுக்குத் தண்ணீர், விளக்கு, மருத்துவம், சாக்கடை எல்லாவற்றையும் அதுவரை சுரங்கம்தான் பார்த்துக்கொண்டது. நிலம் இன்னமும் மத்திய நிறுவனத்தின் பேரில், குடியிருப்பவர்கள் மாநிலத்தின் வாக்காளர்கள், குப்பை அள்ள வேண்டியது நகராட்சி. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்ட வசதியான அமைப்பு இது. மாரிக்குப்பத்திலிருந்து விடிகாலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு, இந்த மூன்று அலுவலகங்களில் எதன் வாசலில் போய் நிற்பது என்று கேட்கக்கூட நேரம் கிடைப்பதில்லை.

அதே 2001-இல், தங்கவயல் மூடிய சில நாள்களில், கொடைக்கானலில் இன்னோர் ஆலை மூடியது. அது இந்துஸ்தான் லீவரின் பாதரச வெப்பமானித் தொழிற்சாலை. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி ஏழு டன்னுக்கு மேல் ஊரிலிருந்த பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்ததை மக்களும் சூழலியல் அமைப்புகளும் வெளிக்கொண்டுவந்தார்கள். கம்பெனி கதவைச் சாத்தியது. 2003-இல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனது. 2016-இல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி சமரசத்துக்கு வந்தது. மண்ணை எந்த அளவுக்குச் சுத்தப்படுத்துவது என்ற சண்டை வெகுகாலம் நீடித்தது. முழு நீதி கிடைத்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே கேட்க ஒரு முகவரி இருந்தது. உலகம் முழுக்கச் சோப்பு விற்கும் நிறுவனத்துக்குத் தன் பேர் கெடுவதில் பயம் உண்டு. தங்கவயலில் முகவரி அரசாங்கம். அதற்குப் பேர் கெடும் பயம் குறைவு, திவாலாகும் பயமும் இல்லை.

தனியார் என்றால் முகவரி நிலைத்து நிற்கும் என்றும் நம்பிவிட வேண்டாம். பாலாற்றின் போக்கிலேயே கீழே இறங்கினால் ராணிப்பேட்டை. அங்கே தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990-களின் நடுவில் மூடியபோது ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவைக் குவியலாக விட்டுவிட்டது. கேட்க ஆள் இல்லாமல் அது பொதுப்பணத்தின் தலையில் விழுந்தது. அதே பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கு அது. ஆற்றின் கீழ்ப்பகுதி அந்தக் கொள்கையைப் பெற்றுத்தந்தது. அந்த ஆற்றின் மேற்பகுதியில் கிடக்கும் மேடுகளுக்கு அது வந்து சேரவில்லை. அங்கே மாசுபடுத்தியவர் யார் என்று கேட்டால், லண்டன் கம்பெனி, மைசூர் அரசு, நிதி அமைச்சகம், பொதுத்துறை என்று நான்கு பதில்கள் வரும்.

கர்நாடகத்துக்குள்ளேயே வேறு மாதிரி நடந்த ஓரிடம் உண்டு. பெல்லாரியில் இரும்புத்தாதுச் சுரங்கங்களை 2011-இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. குத்தகைதாரர்களை ஏ, பி, சி என்று பிரித்து, சீரழிந்த நிலத்தைச் சீராக்கும் திட்டத்தை ஏற்ற பிறகுதான் மறுபடி தோண்டலாம் என்றது. விற்பனையிலிருந்து ஒரு பங்கை மீட்புப் பணிக்கென்று பிடித்து வைக்கச் சொன்னது. அந்தப் பணத்தைக் கையாள மாநில அரசு சுரங்கச் சூழல் மீட்புக் கழகம் ஒன்றை அமைத்தது. சுமார் 25,000 கோடி ரூபாய்க்கான திட்டத்துக்கு 2022-இல் நீதிமன்ற ஒப்புதலும் கிடைத்தது. அந்தப் பணம் எப்படிச் செலவாகிறது என்பது தனி விவாதம். பணம் சேர்ந்தது எப்படி என்பதுதான் இங்கே முக்கியம். மறுபடி தோண்டுவதற்கான அனுமதி கையில் இருந்தபோது, அதைக் கொடுக்கும் முன்பாகவே விலை பேசப்பட்டது. சுரங்கம் ஓடிக்கொண்டிருந்தால்தான் இப்படிப் பேச முடியும். 2015-இல் வந்த மாவட்ட கனிம அறக்கட்டளையும் அப்படித்தான், ஓடும் சுரங்கத்தின் உரிமைத்தொகையை அளவாக வைத்துக் கூடுதலாக வசூலிக்கும் ஒரு தொகை சுற்றுவட்டார மக்களுக்கு. மூடிய தங்கவயலின் தங்கத்திலிருந்து அதற்கு ஒரு காசும் வராது.

சட்டம் கைவிட்ட இடத்தைக் காலி இடமாகப் பார்க்கும் பழக்கமும் கூடவே வந்தது. 2012 நவம்பரில், கூடங்குளம் அணு உலையின் எரிபொருள் கழிவைக் கோலார் சுரங்கங்களில் வைக்கலாம் என்ற பேச்சு உச்ச நீதிமன்ற வழக்கில் எழுந்ததும் ஊரே தெருவுக்கு வந்தது, கடைகள் அடைத்தன, மாநில அரசும் எதிர்த்தது. மத்திய அரசு பின்வாங்கி விளக்கம் சொன்னது. பெங்களூரின் குப்பையை இங்கே கொட்டலாம் என்ற யோசனையும் எழுந்து, எதிர்ப்பில் நின்றது. தங்கம் போய்விட்ட ஊருக்கு வந்துசேர்வதெல்லாம் மற்றவர்களின் கழிவு என்ற அச்சம் மக்களிடம் ஆழமாக இருக்கிறது, அது நியாயமான அச்சம். ஆனால் இந்த இரண்டு போராட்டங்களும் இன்னொன்றையும் காட்டுகின்றன. வருவதைத் தடுக்க இந்த ஊரால் முடியும். இருப்பதை நீக்கச் சொல்லும்போதுதான் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறது.

இங்கே தவறவிட்ட ஒரு வாய்ப்பைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. மூடிய பிறகு தொழிலாளர் சங்கங்கள், நாங்களே கூட்டுறவாக எடுத்து நடத்துகிறோம் என்று கேட்டன. வேலையிழந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கோரிக்கை அது. அரசு உலகளாவிய ஏலம் என்ற பாதைக்குப் போனது. வழக்கு 2013 ஜூலைவரை இழுத்தது, உச்ச நீதிமன்றம் ஏலத்துக்கு வழிவிட்டது. கூட்டுறவால் அத்தனை ஆழமான சுரங்கத்தை நடத்தியிருக்க முடியுமா என்பதில் எனக்கும் ஐயம் உண்டு. மேடுகளை மட்டும் கொடுத்திருந்தால்? மண்ணை அள்ளும் கையும் தூசியை மூச்சிழுக்கும் மூக்கும் ஒருவருக்கே சொந்தமாக இருந்திருக்கும். அரசு, தனியார் என்ற இரண்டே பெட்டிகளுக்குள் நம் கொள்கை வகுப்பாளர்கள் யோசித்ததில் மூன்றாவது வழி பரிசோதிக்கப்படாமலே போய்விட்டது.

இப்போது இன்னொரு கைமாற்றம் தொடங்கியிருக்கிறது. மேட்டு மண்ணில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத்தான் தங்கம் உண்டு. ஆனால் இன்றைய விலையில் அதுவும் லாபம். 13 மேடுகள் கிடக்கும் சுமார் 1,003 ஏக்கரில் அந்த மண்ணை மறுபடி பதப்படுத்துவதற்கான மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஊரில் இதற்கு வரவேற்பு உண்டு, வேலை வரும் என்ற நம்பிக்கை. நானும் இதை எதிர்க்கவில்லை. மேடுகளைத் தொட எவருக்காவது காசு தரும் ஒரு காரணம் இப்போது வந்திருக்கிறது. பெல்லாரியில் நீதிமன்றத்துக்குக் கிடைத்த பேரம் பேசும் தருணம் இங்கே அரசுக்குக் கிடைத்திருக்கிறது.

அந்தத் தருணத்தைக் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ருமேனியாவின் பாயா மாரே ஒரு பாடம். அங்கேயும் பழைய சுரங்க மண்ணிலிருந்து சயனைடு கொண்டு தங்கம் எடுக்கும் திட்டம்தான். ஆஸ்திரேலியாவின் எஸ்மெரால்டா கம்பெனியும் ருமேனிய அரசு நிறுவனமும் கூட்டாக அவுருல் என்ற பேரில் நடத்தின. ஊருக்குள் தூசி கிளப்பிய பழைய மேட்டை அகற்றுவது அதன் நோக்கங்களில் ஒன்று. 2000 ஜனவரி 30 அன்று புதுக் கழிவுக்குளத்தின் கரை உடைந்து சுமார் ஒரு லட்சம் கனமீட்டர் சயனைடு நீர் திசா ஆற்றிலும் தன்யூபிலும் கலந்தது. ஹங்கேரியில் மீன்கள் கூட்டம் கூட்டமாக மிதந்தன. சில வாரங்களில் எஸ்மெரால்டா திவால் நிர்வாகத்தின் கைக்குப் போனது. லாபம் கூட்டாக வந்தது, பொறுப்பு வரும்போது தனியார் பங்காளி விலகிவிட்டார். கனடாவின் யெல்லோநைஃப் ஊரிலும் இப்படியே. ஜயன்ட் தங்கச் சுரங்கத்தை நடத்திய கம்பெனி 1999-இல் நொடித்தது. 2,37,000 டன் ஆர்செனிக் தூள் மத்திய அரசின் தலையில் விழுந்தது. அதைப் பாதுகாக்கும் செலவு 400 கோடி டாலரைத் தாண்டும் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது.

ஆகவே ஒப்பந்தம் போடும்போது சில கேள்விகளுக்கு விடை எழுத்தில் வேண்டும். ஒரு டன் மண்ணிலிருந்து ஒரு கிராம் எடுத்தால் மீதி ஒரு டன் அப்படியே இருக்கும். 3 கோடியே 30 லட்சம் டன் பதப்படுத்திய பிறகும் அது 3 கோடியே 30 லட்சம் டன்தான், இம்முறை புதிய சயனைடோடு. அது எந்த இடத்தில், எந்தக் கரைக்குள், எந்த அடித்தளத்தின் மேல் வைக்கப்படும்? பேத்தமங்கலம் பக்கம் வடியும் ஓடைகளுக்கு யார் காவல்? கம்பெனி நொடித்தால் எடுத்துச் செலவு செய்ய எவ்வளவு பணம், முதல் லாரி மண் நகர்வதற்கு முன், எவருடைய வங்கிக் கணக்கில் இருக்கும்? மேட்டை வெட்டினால் தூசி கூடத்தான் செய்யும். ஆண்டர்சன்பேட்டைக் காற்றில் அன்றன்றைக்கு எவ்வளவு சிலிக்கா என்று அளந்து சொல்வது யார்? மாநில வாரியமா, குத்தகைக்காரரே வைக்கும் கருவியா? இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் என் பதில் கறாரானது. அளப்பவர் சுரங்க அமைச்சகத்துக்கும் குத்தகைக்காரருக்கும் கட்டுப்படாதவராக இருக்க வேண்டும், அளவு நகராட்சி அலுவலக வாசலில் தமிழிலும் கன்னடத்திலும் எழுதப்பட வேண்டும்.

2025 ஜூலையில் மாசுபட்ட இடங்களை மேலாண்மை செய்வதற்கென்று மத்திய அரசு தனி விதிகள் வெளியிட்டது. மாசுபட்ட இடத்தை அடையாளம் காண்பது, காரணமானவரைக் கண்டுபிடித்துச் செலவை வசூலிப்பது, ஆள் அகப்படாவிட்டால் மத்திய, மாநில அரசுகள் செலவைப் பங்கிடுவது என்று நாடு வெகுநாள் எதிர்பார்த்த பல அதில் உண்டு. ஆனால் சுரங்கத் தொழிலால் வந்த மாசு, அதற்கு வேறு சட்டம் இருக்கிறது என்ற காரணத்தால், பொதுவாக அந்த விதிகளுக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கிறது. வேறு சட்டம் என்பது 2003-இல் தொடங்கிய மூடல் விதிகள்தான். 2001-இல் மூடிய சுரங்கத்துக்கு அது எட்டவில்லை, இதுவும் எட்டாது என்றால், மறுபதப்படுத்தலுக்குத் தரப்போகும் குத்தகைப் பத்திரம் ஒன்றுதான் அந்த மேடுகளைத் தொடும் ஒரே சட்ட ஆவணமாக இருக்கும். அதன் வரைவை, ஏலம் முடிவதற்கு முன், மேடுகளை ஒட்டி லைன் வீடுகளில் குடியிருப்பவர்கள் படித்துக் கருத்துச் சொல்ல அமைச்சகம் வெளியிட வேண்டும். பொதுவிசாரணையை ராபர்ட்சன்பேட்டையில், தமிழ் புரிந்த அதிகாரிகள் முன்னிலையில் நடத்த வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை, சுரங்க அமைச்சகத்தின் ஒரு சுற்றறிக்கை போதும்.